இளநீர் குடித்த நேரம்

முன்னாள் கவுன்சிலர் இன்னும் முடிக்கவில்லை. ‘இறுதியாக’ என்று சொல்லி வெகுநேரம் ஆகிறது. அதன்பிறகு ‘கடைசியாக ஒரே ஒரு வார்த்தை’ வந்தது, அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் போன தேர்தலில் தோற்ற கதையும் வந்துபோயிற்று, இப்போது ‘இந்த நேரத்திலே இதைச் சொல்லியே ஆகவேண்டும்’ என்று மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொள்கிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. வந்த எரிச்சல் பாதியிலேயே திரும்பி என்னைப் பார்க்கிறது. உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது சௌந்தரபாண்டியா, ‘இறுதியாக’ என்று சொன்ன பிறகு முக்கால் பேச்சைப் பேசுகிறவன் இந்தத் திண்டுக்கல்லில் உன்னை விட்டால் யார்? மேடையில் ஐந்து நாற்காலி. கடைசி நாற்காலி எனக்கு. எந்த விழாவிலும் எனக்குக் கடைசி நாற்காலிதான் போடுவார்கள், ரொம்ப காலம் அதைக் கௌரவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நிறைவுப் பேச்சாளர், முத்தாய்ப்பு வைக்கிறவர். சிகாமணிதான் ஒருநாள் டீக்கடையில் வைத்து உடைத்தான். “ஒனக்குப் பின்னாடி ஆளு போட்டா அந்த ஆளுக்கு எப்படா மொற வரும்? அதான் கடேசி.” சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். நான் சிரித்தேன், சிரித்துவிட்டு அதைப் பற்றியே அரைமணி நேரம் அவனிடம் பேசினேன். இன்றைக்கு அந்தச் சிகாமணிக்குப் படத்திறப்பு. பதினாறாம் நாள் காரியம் காலையில் வீட்டில் முடிந்துவிட்டது, படத்திறப்பு மட்டும் எங்கள் காலை நடையாளர் சங்கத்தின் சார்பில் இந்த மண்டபத்தில். படத்தைத் திறந்தாகிவிட்டது. சந்தனமாலைக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீழே பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்கிறது, சாம்பார் வாசனை படியேறி வருகிறது, ஜனங்கள் நாற்காலியில் நெளிகிறார்கள். கவுன்சிலர் முடித்தால் நான்தான். அவர் முடிக்காமலே இருக்கட்டும் என்றும் இருக்கிறது.

முன்வரிசையில் இந்திராணி உட்கார்ந்திருக்கிறாள். சிகாமணி சம்சாரம். எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி கிடையாது, அவள் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குறையும் கிடையாது. கவுன்சிலரை அவள் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மகள் பூங்கோதை, மடியில் போனைத் தயாராக வைத்திருக்கிறாள், நான் எழுந்ததும் படம் பிடிப்பதற்கு. எல்லாம் நேற்றுச் சாயங்காலம் நான் செய்த வேலை. பந்தல்காரனோடு பேசிவிட்டுக் கிளம்பும்போது இந்திராணி வாசல் வரைக்கும் வந்தாள். “அண்ணே, அன்னைக்கி ஆஸ்பத்திரில எங்க எல்லாத்தயும் வெளிய போகச் சொல்லிட்டு, சௌந்தருகிட்ட ஒண்ணு சொல்லணும், அவன மட்டும் உள்ள விடுங்கன்னாரே. என்னண்ணே சொன்னாரு?” அவ்வளவுதான் கேட்டாள். கேட்பதற்குப் பதினைந்து நாள் பொறுத்திருக்கிறாள். தெரியாதும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். நான் என்ன சொன்னேன்? “அதுவாம்மா, அது சாதாரண விஷயமில்ல, வாசப்படில நின்னு சொல்ற விஷயமா அது, நாளைக்கி மேடையில சொல்றேன், ஊரே கேக்கட்டும், அவன் எப்பேர்ப்பட்ட மனுசன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கிரட்டும்.” வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, நான் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. அந்த வீட்டில் சாவு விழுந்த பிறகு நான் பார்த்த முதல் தெளிவு அது. அதைக் கொடுத்தவன் நான், கையில் ஒன்றுமில்லாமல் கொடுத்தவன். சிகாமணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முழுக்க நான்தான் பேசினேன்.

என்னதான் பேசினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆரம்பித்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மாடி ஏறி வந்தேன், மூச்சு வாங்குகிறது, நாம் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்த நடையெல்லாம் வீண் பாரு என்றேன். அங்கிருந்து மலைக்கோட்டை அடிவாரத்தில் புதிதாகப் போட்ட பெஞ்சு, அங்கிருந்து பெஞ்சு காண்டிராக்டர், அவன் மச்சான், அவன் மச்சானுக்கு நான் எடுத்துக் கொடுத்த பாலிசி. இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் சொன்னார், வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் இடைவெளி மட்டும் விடாதே, நீ வாயை மூடுகிற இடத்தில்தான் எதிராளிக்கு ‘வேணாம்’ என்று சொல்லத் தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டேன். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு எவ்வளவு வரும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டிய தொழில். சாவைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் சாவு என்ற சொல் வரக்கூடாது. ‘ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா’ என்போம். ‘நமக்கப்புறம்’ என்போம். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமலிருக்க நூறு சொல் வேண்டியிருக்கும். அன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறேன், கமிஷன் இல்லாமல். அவன் முகம் வீங்கியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் வெளியே வைத்துச் சொல்லியிருந்தார். சிகாமணி பேசாத ஆள். தையல் மெஷின் உதிரிபாகக் கடையில் வாடிக்கைக்காரர் கேட்டதை எடுத்து மேஜைமேல் வைப்பான், விலையைச் சொல்வான், மீதியைக் கொடுப்பான், கடையில் அவன் நாளெல்லாம் பேசுவது நான் டீக்கு முன்னால் பேசுவதுகூட இருக்காது. அப்படிப்பட்டவன் வீட்டாட்களை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். என்னவோ வரப்போகிறது என்று கதவைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் பேசினேன். பேசத் தெரியாமல் பேசவில்லை, பயத்தில் பேசினேன்.

கண்ணாடி. அதை நினைக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து இருக்கிறேன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. சங்கக் கூட்டங்களில் நான் பேசும்போது சிகாமணி முன்வரிசையில் வலது ஓர நாற்காலியில் உட்காருவான். பொருளாளர் என்று மேடையில் நாற்காலி போட்டாலும் ஏறமாட்டான். நான் எல்லோரையும் விளித்து முடித்துவிட்டு, கடைசியில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆருயிர் நண்பர், பொருளாளர் தெய்வசிகாமணி அவர்களே என்பேன். அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து லேசாக அசைப்பான், சரி சரி, ஆரம்பி என்று. அது வந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். என் பேச்சு எல்லை மீறிப்போனால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். துடைத்தால் நிறுத்திவிட வேண்டும். என் வீட்டுக்காரி சரோஜாவுக்குக்கூட என்னை நிறுத்த இப்படி ஒரு வழி கிடைத்ததில்லை, அவள் நான் ஆரம்பித்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள், மாவு அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும். ஆஸ்பத்திரியில் அவன் கண்ணாடி முகத்தில் இல்லை. கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் மருந்து டப்பாக்களுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தார்கள். நான் மச்சான் பாலிசியில் இருந்தபோது அவன் கை போர்வையைவிட்டு வெளியே வந்தது. ஊசி குத்தியிருந்த கை. ஸ்டாண்டுப் பக்கம் போய்த் தடவியது. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு என்ன நினைத்தேன்? அங்கே நான் வாங்கிவந்த இளநீர் இருந்தது, பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்தது. அதைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். “இது ஒனக்கு ஆகாதாம்டா, இப்பதான் நர்ஸம்மா சத்தம் போட்டுச்சு, பொட்டாசியமாம்” என்று சொல்லிப் பாட்டிலை எடுத்துத் தூர வைத்தேன். அவன் கை இன்னும் தடவிக்கொண்டிருந்தது. எனக்குப் பேசிப்பேசித் தொண்டை காய்ந்திருந்தது. வீணாகப் போகுதே என்று மூடியைத் திறந்து நானே குடித்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அண்ணாந்து குடிக்கிறேன், அவன் உதடு. சரி, அது வேண்டாம். கவுன்சிலர் கைக்குட்டையால் முகம் துடைக்கிறார், முடிக்கப்போகிறாரா, இல்லை, கையிலிருக்கும் தாளில் அடுத்த பக்கம் புரட்டுகிறார். கண்ணாடியைத்தான் தேடியிருக்கிறான். நிறுத்து என்று சொல்லத் தேடியிருக்கிறான். அது எனக்குப் புரிந்தது அவனைத் தகன மேடைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பி வரும்போது, ஆட்டோவில், டிரைவர் தன் கண்ணாடியைத் துடைத்தபோது. அப்போதும் ஆட்டோவில் நான் பேசிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்திவிட்டேன், சரோஜா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

என்ன சொல்ல வந்திருப்பான். இந்தப் பதினைந்து நாளும் இதுதான் சோறு, இதுதான் தூக்கம். கடை விஷயமா, கடையைப் பூங்கோதை பேரில் முன்பே எழுதியாகிவிட்டது. வேறு யாராவது, வேறு குடும்பம், சீ, சிகாமணியா, அவனுக்கு ஒரு பெண்ணிடம் பேச வேண்டிய அளவுக்குப் பேச்சே கிடையாது. என்னிடம் ஏதாவது வருத்தமா, பேச்சைக் குறைடா என்று கடைசியாக ஒருதரம் சொல்லிவிட நினைத்தானா. இதெல்லாம் நானே சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொள்கிற வேலி. நடுவில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பயமா இருக்குடா சௌந்தரு. அதைத்தான் சொல்ல வந்திருப்பான். பெண்டாட்டி, பிள்ளை முன்னால் சொல்லமுடியாத ஒன்று அதுதானே. அதற்குத்தானே அவர்களை வெளியே அனுப்பியிருப்பான். கூட்டாளியிடம் ஒருதரம் சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொள்ள, அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கும். நான் பதில்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உலகத்தில் எனக்கு முடியாத ஒரே வேலையை அவன் என்னிடம் கேட்கக் கூப்பிட்டிருக்கிறான். நான் காண்டிராக்டர் மச்சானைப் பற்றிப் பேசினேன். மணி அடித்து நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னபோது, “நாளைக்கி வாரேண்டா, நெறையப் பேசணும்” என்றேன். நெறையப் பேசணும். அந்த நாளைக்கு விடியும் முன்னாலேயே போன் வந்துவிட்டது.

அதற்கப்புறமாவது வாயை மூடினேனா. சங்கத்து வாட்ஸாப்பில் இரங்கல் செய்தி எழுதினேன், எழுதி எழுதி, ‘மேலும் படிக்க’ என்று வருகிற அளவுக்கு நீண்டுவிட்டது. எல்லோரும் கும்பிடுகிற கை போட்டார்கள். மேலும் படிக்க என்பதை ஒருத்தரும் அமுக்கியிருக்கமாட்டார்கள், அமுக்கியிருந்தால் கடைசிப் பத்தியில் அவன் இறந்த தேதியை நான் தப்பாகப் போட்டிருந்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த ஃபிளெக்ஸ் இருக்கிறதே, என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறதே, இதற்கும் வாசகம் நான்தான். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த பெண் சொன்னது, “சார், இவ்வளவு எழுத்து வச்சா போட்டோ சின்னதாயிரும், பரவால்லயா?” பரவாயில்லம்மா, விஷயம்தான் முக்கியம் என்றேன். வந்து பார்த்தால் ஃபிளெக்ஸ் முழுக்க என் எழுத்து, பண்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே, நட்பின் இலக்கணமே, மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்குச் சிகாமணி. அங்கேயும் அவனை நான் இருக்கவிடவில்லை. காலையில் இந்திராணி அதன் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கி அவன் முகத்தைத் தேடினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அவனை மாதிரிதான். அந்த வீட்டில் சாப்பிடப்போனால் ரசம் ஊற்றுகிற சத்தம் கேட்கும். அந்த அமைதி எனக்கு ஆகாது, போனவுடன் ஆரம்பித்துவிடுவேன், அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன். பிடித்தும் இருந்திருக்கலாம். கேட்டதில்லை.

கைதட்டக் கூடாத இடத்தில் யாரோ இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள். கவுன்சிலர் முடித்துவிட்டார். சங்கச் செயலாளர் மைக்குக்கு வருகிறார், என் பெயரைச் சொல்கிறார், ‘சுருக்கமாக’ என்ற சொல்லை என்னைப் பார்க்காமல் சொல்கிறார். முன்பு இதற்குச் சபை சிரிக்கும். என்னிடம் ஒரு பொய் தயாராக இருக்கிறது. இரவெல்லாம் செதுக்கி வைத்தது. இந்திராணி கையால சாப்பிட்ட சோத்துக்கு நான் ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்லடா, நீ சொல்லிரு. இதுதான் அவன் சொன்னது என்று சொல்லப்போகிறேன். நல்ல பொய். அவன் சொல்லக்கூடியதுதான். அளவாகவும் இருக்கிறது, அவன் அளவுக்கு. மண்டபமே அழும். இந்திராணி மீதி நாளை அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவாள், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் எழுந்து மைக்கை நோக்கி நடக்கிறேன். ஆனால் ஒன்று, இதைச் சொல்லிவிட்டால் அவன் சொல்லாமல் போனது சொல்லாமலேகூட இருக்காது. அந்த இடத்திலும் நான் பேசியதாகிவிடும். அன்றைக்கு நான் பேசியதற்குமேல் இன்றைக்கு அவனாகவும் நானே பேசி முடித்துவிடுவேன். மைக் எச்சில் வாடை அடிக்கிறது. பூங்கோதை போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். பேசு, பேசினால் வழி தெரியும், எப்போதும் அப்படித்தான், வாய் ஆரம்பித்துவிட்டால் மனசு பின்னாலேயே வந்துவிடும்.

“அவையின் தலைவர் அவர்களே, முன்னாள் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சங்கத்தின் செயலாளர் அவர்களே, நடையாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆருயிர் நண்பர், பொருளாளர் தெய்வசிகாமணி அவர்களே…”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. வலது ஓர நாற்காலியில் யாருடைய குழந்தையோ உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மின்விசிறி சுற்றுகிற சத்தமும் கீழே பாத்திரம் இழுபடுகிற சத்தமும் கேட்டன. அடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்க வேண்டும், இல்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. அவனைக் கூப்பிட்டுவிட்டேன். உள்ளங்கை அசைந்தால்தான் நான் ஆரம்பிக்க முடியும். படத்தைப் பார்த்தேன், கண்ணாடி போட்டபடி இருக்கிறான், கழற்றவில்லை, துடைக்கவில்லை. கூப்பிட்டால் பதிலுக்கு நிற்க வேண்டும், அதுதானே முறை, ஆஸ்பத்திரியில் எத்தனை தரம் கூப்பிட்டேன், என்னடா சிகாமணி, என்ன நான் சொல்றது, சரிதானடா என்று, ஒரு தரமாவது நின்றேனா. நின்றேன். மைக் முன்னால் நான் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை. சரோஜா இருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். இந்திராணி மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லுங்கண்ணே என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள். செதுக்கி வைத்திருந்த பொய்யைத் தேடினேன். அது அங்கேயேதான் இருந்தது. எடுக்கக் கூச்சமாக இருந்தது.

“அவன் ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன். “சொல்லத்தான் கூப்பிட்டான். நான் விடல. வந்ததுலேருந்து போற வரைக்கும் நானேதான் பேசுனேன்.”

பூங்கோதை போனைக் கீழே இறக்கினாள். இந்திராணி முகத்தில் கோபம் வரும் என்று நின்றேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நின்றேன். அவள் எதையோ யோசிக்கிறவளாக இருந்தாள்.

“நான் கதவுகிட்டயேதான் நின்னேன்ணே” என்றாள். மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது. “ஒங்க சத்தம்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல கொஞ்ச நேரம் நின்னுச்சே. அப்ப சொல்லியிருப்பாருன்னுதான் இத்தன நாளு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

நான் மைக்கைவிட்டுத் தள்ளி நின்றேன்.

“அப்ப நான் எளநி குடிச்சேன்மா. அவன் ‘சௌந்தரு’ன்னான். அதுக்குள்ள குடிச்சு முடிச்சு, மறுபடி பேச ஆரம்பிச்சிட்டேன்.”